காட்டுப்பாதையில் நடக்கும் சகோதரிகளுக்கு

ஆனி மாதம் நெருங்கினால் ஆலையடிவேம்பில் எமது மகளிர் குழுக் கூட்டங்களின் பேச்சு மாறிவிடும். கடன் தவணை, தையல் வகுப்பு, பிள்ளைகளின் பாடசாலைச் செலவு என்று போய்க்கொண்டிருக்கும் கதை, "இந்த முறை காட்டுப்பாதை எப்ப திறக்கிறாங்களாம்?" என்ற கேள்வியில் வந்து நிற்கும். கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போவதற்கு யார் யார் பெயர் கொடுப்பது, யாருடைய பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள்.

பெயர் கொடுப்பவர்களில் பெரும்பாலானவர்கள் எம்மைப் போன்றவர்கள்தான். யுத்தத்தில் கணவனை இழந்தவர்கள் இருக்கிறார்கள். கணவன் இருக்கிறானா இல்லையா என்று இன்றுவரை அறியாதவர்கள் இருக்கிறார்கள். மகனைத் தேடி அலைந்து களைத்த தாய்மார் இருக்கிறார்கள். 2004 சுனாமியில் பிள்ளையைக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நேர்த்தி உண்டு. அந்த நேர்த்தியை நிறைவேற்ற அவர்கள் தம்பிலுவில், திருக்கோவில், விநாயகபுரம், கோமாரி, பொத்துவில், பாணமை என்று நடந்து, உகந்தைமலை முருகன் ஆலயத்தை அடைந்து, அங்கிருந்து காட்டுக்குள் இறங்குகிறார்கள்.

நேர்த்தி பற்றி இக்கட்டுரை பேச வரவில்லை. அது அவரவர் மனத்துக்கும் தெய்வத்துக்கும் இடைப்பட்டது. அந்த நேர்த்தியைச் சுமந்து செல்லும் உடம்பைப் பற்றியே இங்கு பேசப்படுகின்றது.

திறக்கப்படாத தண்ணீர்ப் போத்தல்

சில வருடங்களுக்கு முன்னர் நானும் எமது குழுவைச் சேர்ந்த பெண்களுடன் இப்பாதையில் நடந்தேன். காட்டுக்குள் இறங்கிய மூன்றாம் நாள். குமுக்கன் ஆற்றைக் கடந்து முற்பகல் வெயிலில் மணலில் நடந்துகொண்டிருந்தோம். கச்சான் காற்று அனலாக வீசியது. எனக்கு முன்னால் நடந்த ஓர் அக்கா, அரோகரா சொல்லிக்கொண்டிருந்தவர், அப்படியே சரிந்து விழுந்தார். நிழலுக்குத் தூக்கிச் சென்று முகத்தில் தண்ணீர் தெளித்தோம். அவருடைய பையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. காலையில் நிரப்பிய போத்தல், ஒரு மிடறுகூடக் குறையாமல் அப்படியே இருந்தது.

கண் விழித்ததும், "ஏன் அக்கா, தண்ணி குடிக்கல்லயா?" என்று கேட்டேன்.

"குடிச்சா ஒதுங்கப் போகணுமே புள்ள. இந்த வெட்டைக்குள்ள, இத்தனை ஆம்பிளையளுக்கு நடுவுல எங்க போற?" என்றார்.

அன்று மாலை எங்கள் குழுவில் உள்ள ஒவ்வொருவரிடமும் கேட்டேன். ஏறக்குறைய எல்லோருமே அதையே செய்திருந்தார்கள். விடியுமுன் ஒருமுறை ஒதுங்கிவிட்டு, இருட்டும் வரை தண்ணீரைக் குறைத்து அடக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். யானை, பாம்பு, முதலை பற்றியெல்லாம் எங்களை எச்சரித்து அனுப்பியவர்கள் பலர். இதைப்பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

காட்டுப்பாதையில் பெண்ணுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி, அவள் சொல்லாமல் அடக்கிக்கொள்வதால் வருகின்றது. தாகத்தை அடக்குகிறாள், சிறுநீரை அடக்குகிறாள், வருத்தத்தை மறைக்கிறாள், பயத்தை மறைக்கிறாள். இதுவே எனது அனுபவத்தில் நான் கண்டது.

இப்பாதையின் கதை

கதிர்காம யாத்திரைக்கும் சுகாதாரத்துக்கும் உள்ள தொடர்பு புதியதல்ல. 19ஆம் நூற்றாண்டில் கதிர்காமத்தில் கூடியவர்களிடையே கொலரா நோய் பரவியதால், அன்றைய ஆங்கில அரசாங்கம் யாத்திரிகர்களின் தொகையைக் கட்டுப்படுத்தியது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வூல்ஃப், திருவிழாக் காலத்தை மேற்பார்வை செய்ய வேண்டியிருந்தது. அசுத்தமான தண்ணீர் எத்தனை பேரை அழிக்கும் என்பதை இந்தப் பாதை அன்றே அறிந்திருந்தது.

பின்னர் யுத்தம் வந்தது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரை வழியாக வந்த நெடும் யாத்திரை 1983இன் பின்னர் தடைப்பட்டு, 1988இல் மீண்டும் ஆரம்பிக்கப்பட்டது. உகந்தைக்கு அப்பால் தொடங்கும் யால கிழக்கு தேசிய பூங்கா, இன்று குமண தேசிய பூங்கா எனப்படுவது, 1985 முதல் 2003 வரை மூடப்பட்டிருந்தது. 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் நடப்பவர்களின் தொகை பெருகியது. ஆண்டுதோறும் திருவிழாவை ஒட்டிக் குறித்த நாட்களுக்கு மட்டுமே பாதை திறக்கப்படுகின்றது. திகதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். எனவே பிரதேச செயலகத்திலோ கிராம உத்தியோகத்தரிடமோ முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

உகந்தையிலிருந்து கதிர்காமம் வரை ஐந்து அல்லது ஆறு நாள் நடை. நடுவில் ஊர் இல்லை, கடை இல்லை. பல இடங்களில் கைத்தொலைபேசியும் வேலை செய்யாது.

தண்ணீரைக் குறைக்காதீர்கள்

வெயிலில் நடக்கும் உடம்பு வியர்வையாகத் தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு லீற்றராவது தேவைப்படும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று மிடறு குடித்துக்கொண்டே நடக்க வேண்டும். இருதய வருத்தம், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

போதுமான தண்ணீர் குடிக்கிறோமா என்று அறிய ஓர் இலகுவான வழி உண்டு. சிறுநீர் வெளிர் வைக்கோல் நிறமாக இருந்தால் போதும். கடும் மஞ்சளாகவோ தேயிலைச் சாயம் போலவோ இருந்தால் உடம்பு காய்ந்துவிட்டது என்று பொருள்.

சிறுநீரை நெடுநேரம் அடக்குவதும் தண்ணீரைக் குறைப்பதும் சேர்ந்தால் சிறுநீர்ப் பாதையில் கிருமித் தொற்று ஏற்படலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம் வருகின்றது. எரிவு, அடிக்கடி போகவேண்டும் என்ற உணர்வு, அடிவயிற்று நோவு என்பன அறிகுறிகள். குளிர்காய்ச்சலும் இடுப்புக்கு மேலே முதுகில் நோவும் வந்தால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம். அப்போது வைத்தியசாலைக்குப் போக ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

தலைச்சுற்று, தலையிடி, குமட்டல், தசைப்பிடிப்பு என்பன வெயில் களைப்பின் அடையாளங்கள். உடனே நடையை நிறுத்தி, நிழலில் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, ஜீவனி கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். ஜீவனி இல்லாவிட்டால் ஒரு லீற்றர் சுத்தமான தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம். உப்பைக் கூட்டக்கூடாது. ஒருவர் தடுமாறி உளறினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்து நினைவு தப்பினாலோ அது உயிராபத்து. உடையைத் தளர்த்தி, உடம்பு முழுவதையும் தண்ணீரால் நனைத்து விசிறிக்கொண்டே உதவி தேட வேண்டும். நினைவில்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

ஆற்று நீர் தெளிவாகத் தெரிந்தாலும் அதில் ஆயிரக்கணக்கானோர் குளிக்கிறார்கள், விலங்குகளும் இறங்குகின்றன. கொதிக்கவைத்து அல்லது குளோரின் வில்லை போட்டு அரைமணி நேரம் விட்டே குடிக்க வேண்டும். பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து தரும் இடங்களில் போத்தலை நிரப்பாமல் கடந்து போகாதீர்கள்.

ஒதுங்குவதற்கு ஓர் ஏற்பாடு

அந்த அக்கா விழுந்த மறுநாள் நாங்கள் ஒரு முறை வைத்துக்கொண்டோம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை குழு முழுவதும் நிற்கும். பழைய சேலையொன்றை இருவர் விரித்துப் பிடிப்பார்கள். இருவர் இருவராகப் போய் வருவோம். வயதான பெரியம்மா ஒருவர்தான் நேரம் சொல்பவர். "நேரமாச்சு, வாங்க புள்ளையள்" என்று அவர் கூப்பிட்டால் ஆண்கள் தாமாகவே முன்னால் நடந்துவிடுவார்கள். முதல் நாள் வெட்கம். இரண்டாம் நாள் சிரிப்பு. மூன்றாம் நாள் அது வழமையாகிவிட்டது. அதன் பின்னர் எங்கள் குழுவில் யாரும் விழவில்லை.

எனவே ஒரு கருநிறச் சேலையையோ கெட்டித் துணியையோ இதற்கென்றே எடுத்துச் செல்லுங்கள். புதருக்குள் காலை வைக்கும் முன் தடியால் தட்டிப் பாருங்கள். பாதையிலிருந்தும் நீர்நிலையிலிருந்தும் விலகிய இடத்தில் சிறு குழி தோண்டி மூடுங்கள். ஆற்றங்கரையில் ஒதுங்கினால் கீழே இருப்பவர் அதையே குடிப்பார் என்பதை மறக்க வேண்டாம். கைகழுவச் சவர்க்காரத் துண்டு ஒன்று அவசியம்.

மாதவிடாய்

மாதவிடாய் நாட்கள் யாத்திரையில் விழாமல் இருப்பதற்காகச் சில பெண்கள் பாமசியில் மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். ஹஜ் கடமைக்குச் செல்லும் சகோதரிகளும் இதைப் பயன்படுத்துவதுண்டு. நொரெதிஸ்தெரோன் எனப்படும் இம்மாத்திரையை வைத்தியர் சொல்லாமல் போடுவது நல்லதல்ல. இரத்தக்கட்டி ஏற்பட்டவர்கள், ஈரல் வருத்தமுள்ளவர்கள், மார்புப் புற்றுநோய் கண்டவர்கள், கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவர்கள் இதைப் போடக் கூடாது. வழமையாக எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டியிருப்பதால், கடைசி நேரத்தில் வாங்கிப் போட்டுப் பயனில்லை. புறப்பட இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே வைத்தியரைக் காணுங்கள்.

மாத்திரை போட்டாலும் போடாவிட்டாலும் துணியோ பாட்டோ கையில் இருக்கட்டும். நடையும் மனவேதனையும் நாளை முன்பின் ஆக்கலாம். நனைந்த துணியுடன் நாள் முழுவதும் நடந்தால் தொடை புண்ணாகும். நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பாவித்ததைக் காட்டில் எறியாமல் பையில் கட்டிக் கொண்டுவாருங்கள்.

புறப்படுமுன்

நீரிழிவு, பிறஷர், இருதய வருத்தம், வலிப்பு உள்ளவர்கள் கிளினிக் கொப்பியுடன் வைத்தியரைக் கண்டு நடக்கலாமா என்று கேட்க வேண்டும். பத்து நாளுக்கான மருந்தைப் பொலித்தீன் உறையில் கட்டி, பாதியை உங்கள் பையிலும் பாதியை மற்றொருவர் பையிலும் வையுங்கள். ஒரு பை ஆற்றில் நனைந்தால் மற்றது உதவும்.

நீரிழிவு மாத்திரையைப் போட்டுவிட்டு விரதம் என்று சாப்பிடாமல் நடப்பது மிக ஆபத்தானது. நீண்ட நடையில் சீனி தானாகவே இறங்கும். உடம்பு நடுங்கி, குளிர்ந்த வியர்வை வழிந்தால் உடனே சீனியோ கற்கண்டோ வாயில் போட வேண்டும். பிறஷருக்குச் சிறுநீர் போகவைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் வெயிலில் அதை எப்படி எடுப்பது என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

கர்ப்பிணிகளும் அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்களும் காட்டுப்பாதையைத் தவிர்ப்பதே நன்று. பஸ்ஸில் போனாலும் அதே கதிர்காமம்தான்.

கால், பாம்பு, இரவு

நேர்த்திக்காக வெறுங்காலுடன் நடப்பவர்கள் பலர். நீரிழிவு உள்ளவரின் பாதத்துக்கு முள் குத்தியதும் மணல் சுட்டதும் தெரியாமல் போகலாம். சிறு கொப்புளம் புண்ணாகி விரலையே இழந்தவர்களை எமது ஊரில் நாம் கண்டிருக்கிறோம். நீரிழிவு உள்ளவர்கள் மூடிய பாதணி அணியுங்கள். எல்லோரும் இரவில் காலைக் கழுவித் துடைத்து, ஒருவர் பாதத்தை மற்றவர் வெளிச்சத்தில் பார்க்கும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இருட்டிய பின் டோர்ச் இல்லாமல் ஓரடியும் வைக்கக் கூடாது. கண்ணாடி விரியன் மிதிபடும்போது கடிக்கும். கட்டுவிரியனோ நிலத்தில் உறங்குபவரை இரவில் கடிக்கும். அதன் கடி சிலவேளை எறும்புக் கடியளவுகூட வலிக்காது. விடியற்காலையில் காரணமில்லாமல் வயிற்று நோவு, கண்ணிமை தொங்குதல், பேச்சுக் குளறுதல் கண்டால் பாம்புக் கடியென்றே எண்ணிச் செயற்படுங்கள். நுளம்பு வலையின் ஓரத்தைப் பாயின் கீழே செருகிப் படுத்தால் நுளம்பும் வராது, பாம்பும் வராது.

கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். வளையல், மோதிரம், மெட்டியைக் கழற்றுங்கள். கடிபட்ட கை காலைத் தடி வைத்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள். இறுக்கிக் கட்டுவது, வெட்டுவது, உறிஞ்சுவது, கல் வைப்பது எதுவும் வேண்டாம். விசமுறிவு ஊசி வைத்தியசாலையிலேயே உண்டு. அரசாங்க வைத்தியசாலையில் அதற்குப் பணம் இல்லை.

விலங்கும் ஆறும்

விடியுமுன்னும் பொழுதுபட்ட பின்னும் நடக்க வேண்டாம். யானையைக் கண்டால் நின்று கத்துவதும் படம் எடுப்பதும் ஆகாது. சத்தமில்லாமல் பின்வாங்கி வழி விடுங்கள். கரடி இருக்கும் காடு என்பதால் தனியே விறகு பொறுக்கப் போகாதீர்கள். குமுக்கன் ஆற்றிலும் மாணிக்க கங்கையிலும் முதலை உண்டு. பலர் கூடி இறங்கும் ஆழமற்ற இடத்தில், பகலில் மட்டும் குளியுங்கள். பிள்ளைகளைக் கரையில் தனியே விடாதீர்கள்.

மனிதரால் வரும் பயம்

யாத்திரையில் எல்லோரும் சாமிமார் என்றே அழைக்கப்படுகிறார்கள். பெரும்பாலானோர் அந்தப் பெயருக்கேற்ப உதவுகிறார்கள். ஆனாலும் கூட்டத்தில் உரசுபவனும் இருட்டில் அருகே வந்து படுப்பவனும் எங்கும் இருக்கிறான். குறைந்தது ஐந்து பேராகச் சேர்ந்து நடங்கள். பெண்கள் நடுவிலும், நம்பிக்கையான குடும்பங்கள் சுற்றிலுமாகப் படுங்கள். கழுத்தில் ஒரு விசில் தொங்கட்டும். தகாதது நடந்தால், "கோயிலுக்கு வந்த இடத்தில வேணாம்" என்று மறைக்காதீர்கள். மறைத்தால் அவன் அடுத்த பாயடிக்குப் போவான். சத்தமாகச் சொல்லுங்கள், குழுத் தலைவருக்குச் சொல்லுங்கள், கடமையில் உள்ள பொலிசாருக்கு முறையிடுங்கள்.

சீருடையைக் கண்டாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும் சகோதரிகள் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பட்டதை அறிந்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் காட்டுக்குள் தண்ணீரும் முதலுதவியும் தரும் இடங்களில் பலவற்றில் படையினரே நிற்கிறார்கள். தனியே போகப் பயமென்றால் மூன்று பேராகப் போங்கள். பேசுவதற்கு ஒருவரை முன்கூட்டியே தெரிவு செய்யுங்கள். பயத்தினால் மருந்தில்லாமல் இருக்க வேண்டாம்.

அடையாள அட்டையை நனையாமல் வையுங்கள். அதன் பிரதியை வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். பிள்ளையின் சட்டைக்குள் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதித் தையுங்கள். புறப்படும் நாள், குழுவின் பெயர், வந்து சேரும் நாள் மூன்றையும் வீட்டிலுள்ள ஒருவருக்கு எழுதிக் கொடுங்கள். தொலைபேசி வேலை செய்யும் இடங்களில் 1990 இலக்கத்தில் இலவச அம்புலன்ஸையும், 119இல் பொலிசையும், 1938இல் பெண்களுக்கான உதவிச் சேவையையும் அழைக்கலாம்.

காட்டில் வரும் அழுகை

நடக்க நடக்க மனம் திறக்கும். எங்கள் குழுவில் ஒரு தாய் வியாழையில் இரவு முழுவதும் அழுதார். மகனின் படத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்திருந்தார். யாரும் அவரை, "அழாதீங்க" என்று சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தோம், தேநீர் வைத்துக் கொடுத்தோம். விடிய அவரே எழுந்து பாயைச் சுருட்டினார். இப்படி அழுபவரைத் தனியே விடாதீர்கள். ஊர் திரும்பிய பின்னும் தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, வாழ்வில் சலிப்பு தொடர்ந்தால் அவரை ஆதார வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்வது எமது கடமை.

யாத்திரைக்கு மட்டுமல்ல

இங்கு சொன்னவை கதிர்காமத்துக்கு நடப்பவர்களுக்கு மட்டும் உரியவையல்ல. வட்டைக்குள் நாற்று நடவும் களை பிடுங்கவும் அக்கரைப்பற்றிலிருந்தும் ஆலையடிவேம்பிலிருந்தும் போகும் பெண்கள், அறுவடைக் காலத்தில் வாடியில் தங்குபவர்கள், விறகுக்குப் போகும் தாய்மார் எல்லோரும் இதே தாகத்தையும் இதே சிறுநீரையும் அடக்குகிறார்கள். சேற்றில் நிற்பவர்களுக்கு எலிக்காய்ச்சலும் உண்டு. அதற்கான தடுப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். சென்ற போகத்தில் வயலுக்குப் போன ஒரு ராத்தாவிடம் எங்கள் சேலை மறைப்பைப் பற்றிச் சொன்னேன். "இதுக்கு ஒரு காக்காமாரும் வழி சொல்லல்ல, நாமதான் கண்டுபிடிக்கணும் போல" என்று சிரித்தார்.

அவர் சொன்னது சரி. கழிப்பறையும் தண்ணீரும் கேட்டுப் பெறவேண்டியவை. பாதை திறக்குமுன் பிரதேச செயலகத்தில் நடக்கும் ஆயத்தக் கூட்டங்களுக்குப் பெண்கள் குழுக்களும் போக வேண்டும். தங்குமிடங்களில் பெண்களுக்குத் தனி மறைப்பும் கழிப்பறையும், முதலுதவி நிலையத்தில் ஒரு பெண் உத்தியோகத்தரும் வேண்டும் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

சகோதரிகளே, அன்று விழுந்த அந்த அக்கா கதிர்காமத்தை அடைந்து மாணிக்க கங்கையில் மூழ்கி எழுந்தார். மறு வருடமும் வந்தார். புறப்படும் நாளில் தன் பையைத் திறந்து காட்டினார். இரண்டு தண்ணீர்ப் போத்தல், நான்கு ஜீவனிப் பக்கற், மடித்து வைத்த ஒரு கறுப்புச் சேலை.

"இது கட்டுறதுக்கில்ல புள்ள, பிடிக்கிறதுக்கு" என்றார்.